நாய் குண்டாகிவிட்டதா? மதுரைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே கலோரி என்று வருவதெல்லாம் டாக் ஃபுட் பையின் பின்பக்கம் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதுதான். அளவுகள் எல்லாம் வளர்ந்த நாய்க்கு. குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய் ஆகியவற்றுக்கு இவை பொருந்தாது.

எங்க நாய் குண்டா, இல்ல நல்ல வளர்த்தியா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணை நம்பாதீர்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கையால் பாருங்கள். நாயை நிற்க வைத்துப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கையையும் விலாவின் மேல் வைத்து அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். பிறகு உங்கள் இடது கையைத் தட்டையாக நீட்டி, புறங்கை எலும்புகளின் மேல் வலது கை விரல்களை ஓட்டிப் பாருங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. கையைத் திருப்பி, உள்ளங்கைப் பக்கம் எலும்பைத் தேடுகிற மாதிரி அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். முஷ்டி மடக்கினால் துருத்தும் கணு மாதிரி இருந்தால் இளைப்பு.

அடுத்து மேலிருந்து பாருங்கள்: விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். பொமரேனியன் போல முடி அடர்ந்த நாய்க்குக் குளிப்பாட்டும்போது, ஈர உடம்பில் பார்ப்பதுதான் சரி.

டாக்டர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகப் போடுவார்கள். 4, 5 சரியான உடல்வாகு. 5-க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளலாம். 7 என்று எழுதிக் கொடுத்தால், இருக்க வேண்டியதைவிட 20 சதவீதம் அதிகம்.

எங்ககிட்ட இருக்கறது சிப்பிப்பாறை. விலா தெரியுதுன்னு பாக்கறவங்க எல்லாம் சோறு போடச் சொல்றாங்களே?

போட வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்த உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது அவற்றுக்கு இயல்பு. லேப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணால் இவற்றை அளந்தால் நல்ல நாயைக் கெடுத்துவிடுவோம். சிப்பிப்பாறைக்கு விலா முழுசாக மறைந்துவிட்டது என்றால் அது ஏற்கெனவே குண்டு. ராஜபாளையமும் கோம்பையும் இன்னும் கொஞ்சம் கட்டான உடம்பு, ஆனால் அவற்றுக்கும் இடுப்பு தெரிய வேண்டும். தொடையிலும் முதுகிலும் சதை கரைந்து இடுப்பெலும்பு துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும். அதற்கும் மருந்து கூடுதல் சோறு இல்லை. பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டைக் குறைச்சாப் போதாதா, டாக்டர்கிட்டப் போகணுமா?

போகத்தான் வேண்டும், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, வயிறு பெருத்ததெல்லாம் கொழுப்பு இல்லை. இதய நோயிலும் ஈரல் நோயிலும் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வயிறு பெருத்து, அதிகம் தண்ணீர் குடித்து, சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் வைத்திருக்கலாம். அது அவசரம், அன்றைக்கே ஓட வேண்டும்.

இரண்டாவது, சில நாய்கள் சாப்பாட்டால் மட்டும் குண்டாவதில்லை. தைராய்டு குறைந்தால் மந்தமாகும், உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், வால் மொட்டையாகும். கார்டிசால் என்ற ஹார்மோன் கூடிப்போகும் குஷிங் நோயில் வயிறு தொங்கும், எந்நேரமும் இரைக்கும், தண்ணீரும் சிறுநீரும் அதிகமாகும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடிக்கிறதா என்று வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். 20 கிலோ நாய் 2 லிட்டரைத் தாண்டினால் அது வெயிலால் மட்டும் வருகிற தாகம் என்று விட்டுவிடக் கூடாது. அரிப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும், வலிப்புக்கு பீனோபார்பிட்டல் கொடுத்தாலும் பசி கூடும். எந்த மருந்து ஓடுகிறது என்று டாக்டரிடம் சீட்டையே காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

முதல் முறை போகும்போது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதுவார்கள். டி4 என்ற தைராய்டு ஹார்மோன் மட்டும் குறைவாக வந்தால் அது தைராய்டு நோய்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. வேறு நோய் இருந்தாலும் ஸ்டீராய்டு ஓடினாலும் டி4 இறங்கும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு. சிக்கலான கேஸ் என்றால் தேனி வீரபாண்டி அல்லது திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதும் உண்டு.

எடை எங்க பாக்கறது? கிளினிக் மெஷின்ல ஏற மாட்டேங்குது.

15 கிலோவுக்குள் உள்ள நாய் என்றால் வீட்டு எடை மெஷின் போதும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். பெரிய நாய்க்குப் பழைய இரும்புக் கடை, அரிசி மண்டி, பார்சல் ஆபீஸ் எங்கும் பிளாட்பார மெஷின் இருக்கும். மேலே ஒரு சாக்கை விரித்தால் வழுக்காது, நாயும் பயப்படாது. எப்போதும் ஒரே மெஷின், ஒரே நேரம், காலையில் வெறும் வயிறு, மலஜலம் கழித்த பிறகு. ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் அரை கிலோ வித்தியாசம் சாதாரணம். அந்த அரை கிலோவே உங்கள் இரண்டு வார உழைப்பாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துத் தேதியோடு காலண்டரில் எழுதுங்கள். தினமும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்?

கணக்கு இலக்கு எடையை வைத்துத்தான் போட வேண்டும், இப்போதுள்ள எடையை வைத்து அல்ல. 36 கிலோ லேப்ரடார், மதிப்பெண் 7 என்றால் இலக்கு 30 கிலோ. செல்போன் கால்குலேட்டரில் இலக்கு எடையை மூன்று முறை பெருக்குங்கள் (30 × 30 × 30 = 27,000). வர்க்கமூலம் எடுங்கள், வந்ததற்கு மறுபடியும் ஒரு வர்க்கமூலம். 12.8 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 900. இது அந்த எடையுள்ள நாய் சும்மா படுத்திருக்கவே உடம்புக்குத் தேவைப்படும் கலோரி. எடை குறைக்கும்போது டாக்டர்கள் பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். இதே கணக்கில் 10 கிலோ இலக்குக்குச் சுமார் 395, 15 கிலோவுக்கு 535, 20 கிலோவுக்கு 660, 25 கிலோவுக்கு 785.

இது தொடக்க எண்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குக்கூடத் தேவை நிறைய வேறுபடும், அதனால் இரண்டு வார எடையைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் இறங்கினால் நல்லது, 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 36 கிலோ நாய்க்கு வாரம் 360 கிராம். 6 கிலோ இறங்க நாலைந்து மாதம் ஆகும். ஒரு மாதத்தில் இறக்கிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படி இறங்கினால் கொழுப்போடு சதையும் கரையும்.

மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்துக்குப் போகக் கூடாது. 900-இல் 90. மாரி பிஸ்கட் ஒன்று சுமார் 25 கலோரி, அதாவது மூன்றரை பிஸ்கட்.

நாங்க ரொம்பக் கம்மியாத்தான் போடறோம். ஆனா எடை குறையலையே?

இதை நம்புகிறோம். தட்டில் போடுவது குறைவுதான். தட்டுக்கு வெளியே போவதுதான் கணக்கில் வருவதில்லை. ஒரு லேப்ரடாரின் நாளை எழுதிப் பார்ப்போம். காலையில் ஒரு டம்ளர் பால், 120. தாத்தா டீ குடிக்கும்போது ஆறு பிஸ்கட், 150. பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லி இரண்டு, 100. மதியம் ஒரு குண்டான் சோறு அரை கிலோ, 650. அதில் பிசைந்த கோழித்தோல் 100 கிராம், 350. ராத்திரி நெய் தடவின ஒரு தோசை, 150. மொத்தம் 1,500-ஐத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் "ஒரு வேளைதான் சோறு போடறோம்" என்பது பொய்யே இல்லை.

அதனால் முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எதைக் கொடுத்தாலும் எழுத வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, டியூஷன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வரும் எலும்பு எல்லாம். அந்தத் தாளோடு டாக்டரிடம் போனால் பாதி வேலை முடிந்தது.

அளப்பதும் அப்படித்தான். டம்ளரால் அளக்காதீர்கள். ஒரே டம்ளரில் ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் குவித்து எடுப்பார். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி கிராமில் நிறுங்கள். எங்கள் கணக்கில் இந்த வேலைக்கு மிக முக்கியமான சாமான் அதுதான். நடைக்கு வாங்கும் புதுக் கயிறெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வீட்டுச் சாப்பாடா, கடை டாக் ஃபுட்டா?

இரண்டிலும் இறக்கலாம். ஆனால் இப்போது போடுகிற சாதாரண டாக் ஃபுட்டையே பாதியாக்கினால் புரதமும் தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்து பாதியாகிவிடும். அதனால்தான் எடை குறைப்புக்கென்று தனியாக உணவு வருகிறது. ராயல் கேனின், ஹில்ஸ் போன்றவற்றில் டாக்டர் சீட்டோடு வாங்கும் வகை உண்டு. கலோரி குறைவு, புரதமும் நார்ச்சத்தும் அதிகம், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். பையில் 100 கிராமுக்கு 300 கலோரி என்றிருந்தால், தின்பண்டத்துக்கு 90 ஒதுக்கியபின் மிச்சமுள்ள 810-க்கு 270 கிராம். இரண்டு வேளையாக 135, 135. புது உணவுக்கு மாறும்போது ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேதியாகும்.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால், அதே 30 கிலோ இலக்குக்கு ஒரு மாதிரி அளவு: வெந்த சோறு 200 கிராம், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 250 கிராம், பீன்ஸ், பூசணி, கேரட், சுரைக்காய் எது கிடைக்கிறதோ வேகவைத்து 200 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். ஏறக்குறைய 790 கலோரி. இதில் சோற்றைவிடக் கறி அதிகம் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் வழக்கமாக இது தலைகீழாகத்தான் இருக்கும். கால்சியம், துத்தநாகம், சில வைட்டமின்கள் இதில் போதாது. எந்த சப்ளிமென்ட், எத்தனை கிராம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சேர்க்காமல் மாதக்கணக்கில் இதை ஓட்டக் கூடாது.

சைவ வீட்டில் முட்டை மட்டும் சம்மதம் என்றால் வேகவைத்த முட்டை ஒன்று 75 கலோரி. அதுவும் இல்லை, தயிர்சாதம் மட்டும்தான் என்றால் எடை குறைப்பைப் பொறுத்தவரை கடை உணவுக்கு மாறுவதே நாய்க்கு நல்லது. தயிர்சாதத்தில் புரதம் அவ்வளவு குறைவு.

சாம்பார், ரசம், சால்னா ஊற்றிப் பிசைவதை அடியோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த சுகர்ஃப்ரீ மிட்டாய், இவையும் விஷம்.

கோழிக்கடை வேஸ்ட் வாங்கி வேகவெச்சுப் போடறோம். அதுல என்ன கொழுப்பு இருக்கப்போகுது?

நிறைய. கழுத்து, தோல், கால், தலை என்று கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் கறியைவிடத் தோலும் அதனடியில் உள்ள மஞ்சள் கொழுப்பும்தான் அதிகம். மலிவு என்பதற்காக அதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்: வேகவைப்பதற்கு முன்பே தோலையும் கொழுப்புக் கட்டியையும் பிய்த்து எறியுங்கள். வெந்ததும் எலும்பைப் பொறுக்கிவிடுங்கள், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாற்றை ஆறவைத்து ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருப்பதை வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைப் போடுங்கள். நம்மூர் வெயிலில் வெளியே வைத்தால் காலைக்குள் கெட்டுவிடும்.

ஒரே நாளில் கொழுப்பு அதிகமாகப் போனால் குண்டு நாய்க்குக் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறும் எலும்பும் தின்ற நாய் திங்கள்கிழமை வாந்தி எடுத்து, முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்து வயிற்றைப் பிடித்த மாதிரி நின்றால், "அஜீரணம், சரியாயிரும்" என்று காத்திருக்காதீர்கள்.

கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்வாங்களே, நாய்க்குக் கொள்ளு போடலாமா?

காய்ந்த கொள்ளு 100 கிராமில் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. நாய் உடம்பில் கொழுப்பைக் கரைக்கும் வேலை எதையும் அது செய்யாது. நன்றாக வேகவைத்து ஒரு கைப்பிடி, சோற்றுக்குப் பதிலாகப் போட்டால் தப்பில்லை. வயிறு உப்பும், வாயு பிரியும், அவ்வளவுதான். சோற்றோடு சேர்த்துப் போட்டால் எடை கூடும். தேன், எலுமிச்சைச் சாறு, சீரகத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பசின்னு கத்துது, மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்துருக்கு. பாக்க முடியல.

கேட்பதெல்லாம் பசி இல்லை, பழக்கம்தான் பாதி. ஆனால் முதல் இரண்டு வாரம் நிஜமாகவே பசிக்கும். அதே அளவை மூன்று வேளையாகப் பிரியுங்கள். தட்டில் கொட்டாமல், பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு அதற்குள் போட்டு உருட்ட விடுங்கள், அல்லது முற்றத்தில் விசிறி மோப்பம் பிடித்துப் பொறுக்க விடுங்கள். இரண்டு நிமிஷச் சாப்பாடு இருபது நிமிஷம் போகும். பாட்டிலைக் கடித்து விழுங்குகிற நாய்க்கு இது ஆகாது. வெள்ளரிக்காய்த் துண்டும் வெந்த பீன்ஸும் நடுவில் கொடுக்கலாம். வெள்ளரியில் கலோரி இல்லை என்றே சொல்லலாம்.

லேப்ரடாருக்கு ஒரு கூடுதல் சங்கதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தது: நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசியை அடக்கும் போம்சி என்ற மரபணுவில் ஒரு பகுதியே இல்லை. "சாப்பிட்டது போதும்" என்ற செய்தி அவற்றின் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அந்த நாய் நடிக்கவில்லை, உண்மையிலேயே பசிக்கிறது. அதற்காக அளவைக் கூட்ட முடியாது, குப்பைத் தொட்டியையும் ஃப்ரிட்ஜையும் பூட்டத்தான் வேண்டும்.

அப்பத்தா சொல்லச் சொல்லக் கேக்காம பிஸ்கட் போட்டுட்டே இருக்காங்க. என்ன பண்றது?

நிறுத்தச் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு அது நாயோடு இருக்கும் உறவு, விட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாமல் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாகக் காலையில் அன்றைய டாக் ஃபுட்டை நிறுக்கும்போதே 20 கிராமை ஒரு சின்னச் சம்படத்தில் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். "இது உங்க பங்கு, அப்பத்தா. எப்ப வேணாலும் போடுங்க, இது தீந்தா நாளைக்குத்தான்." கொடுக்கிற சந்தோஷமும் போகாது, கணக்கும் தப்பாது. பிஸ்கட்டை நான்காகப் பிட்டுப் போடச் சொன்னாலும் பலிக்கும். நாய்க்கு எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் கணக்கு, எவ்வளவு பெரிசு என்பது இல்லை.

சித்திரைத் திருவிழா சமயத்தில் வீடு நிறைய ஒரம்பரை இருக்கும். பத்து கை, பத்து வாய். அந்த வாரம் எடை இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். பந்தி நடக்கும்போது நாய் மாடியில் இருக்கட்டும்.

தினமும் நடக்கவெச்சா இறங்கிடுமா?

நடை மட்டும் இறக்காது. ஒரு கிலோமீட்டர் நடக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 கலோரிதான் செலவாகும். 36 கிலோ நாய் மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 110. வீட்டுக்கு வந்ததும் "பாவம், களைச்சுப்போச்சு" என்று நாலைந்து பிஸ்கட் போட்டால் கணக்கு சரியாகிவிடும். நடை வேண்டியது சதை கரையாமல் இருக்கவும், மூட்டு இறுகாமல் இருக்கவும்.

பத்து பத்து நிமிஷமாகக் காலையும் மாலையும் தொடங்கி, வாரம் ஐந்து நிமிஷம் கூட்டி, அரை மணி வரை கொண்டுபோங்கள். மதுரையில் மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறரைக்குள் நடை முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்தாலும் தார்ச்சாலை தாழாது. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கலாம், ஆனால் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுங்கள். தெருநாய்த் தொல்லை இருக்கும் பகுதியில் குண்டு நாயை இழுத்துக்கொண்டு போவது வம்பு, அந்த நாயால் ஓடவும் முடியாது. அங்கெல்லாம் மொட்டை மாடியே போதும்.

தோட்டம் உள்ளவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. பம்புசெட் தொட்டியில் நாய்க்கு நெஞ்சு அளவு தண்ணீர் விட்டு, ஐந்து நிமிஷம் நடக்கவோ நீந்தவோ விடலாம். எடை மூட்டில் இறங்காது, உடம்பும் சூடேறாது. ஏறி வரப் படியோ சரிவோ இருக்க வேண்டும், கழுத்துப் பட்டை அல்லாமல் மார்புப் பட்டை போட்டுக் கயிறு கையில் இருக்க வேண்டும். கிணற்றில் இறக்காதீர்கள்.

பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய் குண்டாகவும் இருந்தால் வெயிலில் உயிருக்கே ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, கோழை வடிந்து, தள்ளாடினால் அங்கேயே நிழலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி போட்டு, ஈரத்தோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

ஏற்கெனவே கால் வலி, எந்திரிக்கவே சிரமப்படுது. முதல்ல எடையா, வலியா?

இரண்டும் ஒன்றாக. வலி இருந்தால் நடக்காது, நடக்காவிட்டால் சதை போகும். வலி மருந்து டாக்டர் எழுதிக் கொடுத்ததாக மட்டும் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள், வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமோ ஈரலோ கெடும். மொசைக், டைல்ஸ் தரையில் சாக்கையோ ரப்பர் பாயையோ நாய் நடக்கும் வழியில் விரித்தாலே பாதி சிரமம் குறையும்.

ஆபரேஷன் பண்ணினதாலதான் குண்டாச்சுங்கறாங்களே?

கருத்தடைக்குப் பின் கலோரித் தேவை 20 முதல் 30 சதவீதம் வரை குறைகிறது, பசியோ கூடுகிறது. அதே அளவைத் தொடர்ந்து போட்டால் குண்டாகும். தையல் ஆறியதுமே கால் பங்கைக் குறைத்துவிட்டால் குண்டாகாது. கருப்பைச் சீழ் வராமல் கருத்தடை காக்கிறது, அந்த நன்மையோடு ஒப்பிட்டால் இது ஒரு பிரச்சினையே இல்லை.

இளைக்க ஊசி, மாத்திரை இருக்கா?

நாய்களுக்கென்று டிர்லோடபைட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2007-இல் அனுமதி கிடைத்தது, பிறகு அது விற்பனையிலிருந்து போய்விட்டது. மனிதர்கள் இளைக்கப் போடும் ஊசியை நாய்க்குப் போடக் கூடாது. தைராய்டு நோய் இல்லாத நாய்க்குத் தைராய்டு மாத்திரை கொடுத்து இளைக்க வைப்பதும் தப்பு, இதயம் பாதிக்கும்.

ரெண்டு மாசம் நல்லா இறங்குச்சு, இப்ப நின்னுபோச்சு.

முதலில் ஃப்ரிட்ஜ் தாளை மறுபடி ஒட்டுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு கை பழையபடி நீண்டிருக்கும். தராசையும் பாருங்கள், பேட்டரி இறங்கினால் தப்புக் காட்டும். இரண்டும் சரி என்றால் உடம்பு சிக்கனத்துக்குப் பழகிவிட்டது என்று பொருள், அதுவும் இயல்புதான். நான்கு வாரம் எடை அசையாவிட்டால் 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டுமானால் டாக்டரைக் கேட்டபின்தான்.

வேகமா இளைக்குது. நல்லதுதானே?

வாரத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நல்லதில்லை. சாப்பாட்டைக் குறைத்ததால்தான் என்று எண்ணி நோயைக் கவனிக்காமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் ஆண்டு முழுக்க உண்டு: காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம். நன்றாகத் தின்றும் இளைத்து, தண்ணீர் நிறையக் குடித்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். போட்ட தட்டை ஒரு நாள் முழுக்க மோந்துகூடப் பார்க்காத குண்டு நாய் 'டயட்டுக்குப் பழகிவிட்டது' என்று அர்த்தமில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இலக்கு எடை வந்தாச்சு. இனி பழையபடி போடலாமா?

பழையபடி போட்டால் பழையபடி ஆகும். இளைத்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டி, எடை ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். அந்த அளவை கிராமில் எழுதி டாக் ஃபுட் டப்பா மூடியிலேயே ஒட்டிவிடுங்கள், நீங்கள் ஊருக்குப் போனால் வேறு யாராவதுதானே போடுவார்கள். பிறகு மாதம் ஒரு முறை எடை பார்த்தால் போதும். ஒரு கிலோ ஏறினால் அந்த வாரமே குறையுங்கள்.

அளவாகப் போடுவதால் என்ன லாபம் என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம்: அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கூடப்பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான்.